மாலைக்கு அடியில் சிவப்புப் பொத்தான்

பத்திரிகையில் தப்பு செய்வது ஒரு வகையில் பாதுகாப்பானது. மறுநாள் மூன்றாம் பக்கத்தின் மூலையில் 'திருத்தம்' என்று தலைப்பிட்டு இரண்டு வரி போட்டால் விஷயம் முடிந்தது. எழுபத்திரண்டு வயதில் காலமான ஒருவரை இருபத்தேழு வயதில் காலமாக்கியிருக்கிறேன், திருத்தம் போட்டேன். ஒரு கோயில் தலைவரின் பெயரைச் செயலாளர் என்றும் செயலாளரின் பெயரைத் தலைவர் என்றும் எழுதியிருக்கிறேன், அதற்கும் திருத்தம் போட்டேன் (அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் நான் எழுதியதே உண்மையாகிவிட்டது. அதற்கு யாரும் நன்றி சொல்லவில்லை). ஆனால் ஒரு ரோபோவுக்குத் தப்பான கனெக்டர் வாங்கினால் திருத்தம் போட மூலை கிடையாது. ரோபோவே அதை நாற்பது பேர் முன்னால் சுற்றிச் சுற்றி அறிவித்துவிடும்.

மலாக்கா வட்டாரத்துக்குப் பகுதிநேர நிருபராக மூன்று வருஷம் அலைந்துவிட்டு, டுரியான் துங்காலில் ஒரு சின்னப் பட்டறையில் சாமான் கொள்முதல் வேலைக்குச் சேர்ந்தேன். பட்டறை முதலாளி கணேசன், சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலைப் பக்கம் குத்தகை வேலைகள் எடுத்துச் செய்தவர். பிறகு தொழிற்சாலைகளுக்குச் சுமை தூக்கும் ரோபோ செய்வதென்று இறங்கிவிட்டார். நாங்கள் அவரை 'போஸ்' என்றுதான் கூப்பிடுவோம். என்னை வேலைக்கு எடுத்ததற்கு அவர் சொன்ன காரணம் இது:

"நீ நாலு பேருகிட்ட கேள்வி கேட்டுப் பழகினவன் லா. சாமான் வாங்கறதுக்கும் அதான் வேணும்."

கேள்வி கேட்கத் தெரியும்தான். பதில் பிடிக்காதபோது கேட்பதை நிறுத்திவிடவும் எனக்குத் தெரியும் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

ஆறு மாதம் தகுதிகாண் காலம். அதற்குப் பிறகுதான் வேலை நிரந்தரம். இதற்கிடையே எங்கள் ஊர் செலண்டாரில் அப்பா, "பையன் பேப்பர் வேலைய விட்டுட்டு ரோபோ கம்பெனிக்குப் போய்ட்டான்" என்று சாப்பாட்டுக் கடை, முடிதிருத்தும் கடை, கோயில் என எல்லா இடத்திலும் வெளியிட்டு முடித்திருந்தார். ஆறாம் மாதம் என்னை அனுப்பிவிட்டால், அந்தத் திருத்தத்தை அப்பாதான் கடை கடையாகப் போட வேண்டியிருக்கும்.

பட்டறையின் முதல் ரோபோ ஐந்தாம் மாதத்தில் தயாரானது. துணி துவைக்கும் இயந்திரத்தைப் படுக்க வைத்த மாதிரி இருக்கும். இரண்டு பக்கமும் மோட்டாரில் ஓடும் பெரிய சக்கரங்கள், முன்னும் பின்னும் தாங்குவதற்குச் சின்னச் சக்கரங்கள், மேலே மூட்டை வைக்கத் தட்டையான பலகை. முன்புறத்தில், எதிரே ஆள் வந்தால் கண்டுபிடிக்கும் லேசர் கண். மேல் விளிம்பில், அவசரத்துக்கு அமுக்கி நிறுத்த ஒரு பெரிய சிவப்புப் பொத்தான். ரோபோவை வாங்க ஒப்புக்கொண்டவர் ஹாஜா பாய். மிளகாய், மல்லி அரைக்கும் மில் வைத்திருக்கிறார். அரைத்த மூட்டைகளை மில்லிலிருந்து பொட்டலம் கட்டும் அறைக்குச் சுமந்து போவதுதான் ரோபோவின் வேலை.

ரோபோவுக்கு வயர் இழுத்துக் கட்டியவள் சாந்தா. என் வயதுதான். பாலிடெக்னிக்கில் படித்தவள். என்னை ஒருபோதும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, 'ரிப்போர்ட்டர்' என்பாள். கனெக்டர் வாங்குவதற்கான விவரத்தை அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தாள்.

"வாயால சொன்னா நீ நியூஸ் ஆக்கிருவ. அதான் எழுதிட்டேன்."

கனெக்டர் என்பது பெரிய மர்மம் இல்லை. இரண்டு வயர்கள் சந்திக்கும் இடம், அவ்வளவுதான். வீட்டில் ஃபேனுக்கு ப்ளக் சொருகுகிறோமே, அதற்கு ஒன்றுவிட்ட தம்பி. ஆனால் ஃபேன் நின்ற இடத்தில் சுற்றும். ரோபோ நாள் முழுக்க ஓடும், குலுங்கும், திடீரென்று நிற்கும், தூசு தின்னும். அதனால் கனெக்டரைத் தேர்ந்தெடுக்கும்போது எத்தனை பின், எவ்வளவு மின்சாரம் என்று மட்டும் பார்த்தால் போதாது. சொருகியதும் 'க்ளிக்' என்று பூட்டிக்கொள்ள வேண்டும். தூசும் தண்ணீரும் உள்ளே போகாமல் ரப்பர் வளையம் வேண்டும். தலைகீழாகச் சொருக முயன்றால் போகக் கூடாது. நூறு தடவை கழற்றி மாட்டினாலும் தளரக் கூடாது. இதெல்லாம் சாந்தாவின் அரைப் பக்கத்தில் தெளிவான கையெழுத்தில் இருந்தது. நான் முதல் வரியை மட்டும் மனதில் வைத்துக்கொண்டேன்: நாலு பின், பத்து ஆம்பியர். தலைப்பை மட்டும் படித்துவிட்டு நாட்டு நடப்பை விளக்கும் வாசகர்களை மூன்று வருஷம் நான் கேலி செய்திருக்கிறேன்.

தூசு விஷயத்தில் எனக்குச் சாக்குச் சொல்லவும் வழியில்லை. ஹாஜா பாயின் மில்லை நேரில் போய்ப் பார்த்தவன் நான். உள்ளே நின்ற ஏழு நிமிஷத்தில் பதினோரு தும்மல் போட்டேன். பாய் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகத் தலையாட்டினார்.

சாந்தா சொன்ன வகை கனெக்டரை வழக்கமான சப்ளையரிடம் கேட்டேன். கையிருப்பு இல்லை, வெளிநாட்டிலிருந்து வர ஆறு வாரம் என்றார்கள். போஸ் பஞ்சாங்கம் பார்த்து ஒப்படைப்புப் பூஜைக்கு நாள் குறித்தாகிவிட்டது. அதற்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை காலை. பத்தரைக்கு ராகு காலம் தொடங்குவதற்குள் பூஜை முடிய வேண்டும்; ஹாஜா பாய் ஜும்ஆ தொழுகைக்குப் போக நேரமும் வேண்டும். இரண்டு மதங்களும் சேர்ந்து எனக்கு ஒரே ஒரு மணி நேரத்தை விட்டுவைத்திருந்தன.

"போஸ், நாளைத் தள்ளி வைக்கலாமா?" என்று கேட்டிருக்கலாம். நாலே சொல். நான் கேட்கவில்லை. மலாக்கா டவுனில் ஒரு ஹார்ட்வேர் கடைக்குப் போனேன். நாலு பின், பத்து ஆம்பியர், வெள்ளை நிறத்தில் அழகாக இருந்தது. கடைக்காரச் சீனப் பெரியவரிடம் சாந்தா கேட்ட கனெக்டரின் படத்தைக் காட்டி, இது அதற்குச் சரிவருமா என்றேன். அவர் படத்தைப் பார்க்காமலே, "சாமா லா, எல்லாம் சாமா" என்றார். ரெண்டும் ஒன்றுதானாம். யாரெல்லாம் வாங்குவார்கள் என்று கேட்டேன். பாசார் மாலாம் கடைக்காரர்கள், விளக்குக் கட்டுவதற்கு என்றார். இரவுச் சந்தை விளக்கு ஒரு கம்பத்தில் அசையாமல் தொங்கும் பொருள் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. இருபது வாங்கினேன்.

சாந்தா ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ரிப்போர்ட்டர், இதுல லாக் எங்க?"

"டைட்டா இருக்கு. இழுத்துப் பாரு."

இழுத்தாள். வரவில்லை.

"நிக்கறப்ப இழுத்தா வராது. ஓடறப்ப?"

"ஓடறப்ப யாரு இழுக்கப் போறா?"

சில வாக்கியங்களைப் பேசிய மறுகணமே கல்லில் வெட்டிவிடுகிறார்கள். இந்த வாக்கியத்தைச் சாந்தா பரிசோதனைத் தாளிலேயே எழுதி, பக்கத்தில் என் பெயரையும் போட்டாள். பிறகு, ஒழுங்கான கனெக்டர் வரும்வரை இருக்கட்டும் என்று ஒவ்வொரு வெள்ளைக் கனெக்டரையும் கறுப்புக் கேபிள் டையால் இறுக்கிக் கட்டினாள். "இத யாரும் தொடக் கூடாது" என்றாள். பார்க்க அழகாக இல்லை. ஆனால் கழறாது.

பூஜை நாள் வந்தது. நிருபர் பழக்கத்தில் நேரங்களைக் குறித்து வைத்திருக்கிறேன்.

8.50. போஸ் ரோபோவின் பக்க மூடியைத் திறக்கச் சொன்னார், உள்ளேயும் விபூதி வைக்க வேண்டுமாம். உள்ளே கறுப்புக் கட்டுகளைப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"என்னாய்யா இது, நல்ல நாளும் அதுவுமா வண்டிய கட்டிப் போட்டிருக்கீங்க? கட்டு இருந்தா தடங்கல் லா. அவுத்துடு."

சாந்தா அப்போது வாசலில் மாவிலை கட்டிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் நாலே எட்டில் வந்திருப்பாள். தகுதிகாண் காலத்தில் இருப்பவனுக்குப் போஸின் முகம்தான் பஞ்சாங்கம். நான் கத்தரியை எடுத்து வலது மோட்டாரின் கட்டை வெட்டினேன். பிறகு இடது. பிறகு மற்றவை. மூடியைப் பூட்டினேன். போஸ் திருப்தியாகத் தலையசைத்தார்.

9.20. ஹாஜா பாய் வந்தார். வெள்ளைச் சட்டை, தலையில் தொப்பி, கையில் ஒரு பெட்டி ஜிலேபி.

9.31. போஸ் ரோபோவுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். லேசர் கண்ணின் மேலேயே வைத்தார். ரோபோ 'எதிரே தடை' என்று விளக்கு எரித்துப் படுத்துக்கொண்டது. சாந்தா டிஷ்யூவோடு ஓடி வந்து துடைத்தாள்.

"போஸ், அது கண்ணு. நெத்தி மேல இருக்கு."

9.35. மாலை சாற்ற வேண்டும். ரோபோ எல்லாப் பக்கமும் வழவழப்பு, மாலை நிற்கவில்லை. துருத்திக்கொண்டு நின்றது ஒன்றே ஒன்று, சிவப்புப் பொத்தான். மாலையை அதில் மாட்டியது நான். நன்றாக நின்றது. பொத்தான் பூவுக்குள் மறைந்துபோனது.

9.40. நாற்பது பேர் நெருங்கி நின்றால் லேசர் கண் ரோபோவை நகரவிடாது என்பதால், சாந்தா மனசில்லாமல் அதைக் கொஞ்ச நேரத்துக்கு அணைத்தாள். பதிலாகத் தரையில் மஞ்சள் டேப் ஒட்டி, டேப்பைத் தாண்டி யாரும் உள்ளே வரக் கூடாது என்று எல்லோரிடமும் சொன்னாள். என்னிடம் தனியாக இன்னொரு முறை சொன்னாள்.

9.47. சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். புது வண்டி எதுவானாலும் பழத்தை நசுக்கிக்கொண்டுதான் நம் ஆட்களிடம் வேலைக்குச் சேர வேண்டும். பழம் வாங்கியதும் நான்தான் (கொள்முதல் என்றால் எல்லாமே கொள்முதல்தான்). இடது சக்கரத்துக்கு வைத்தது மஞ்சளாகப் பழுத்தது. வலது சக்கரத்துக்கு வைத்தது பச்சைக் காய், கோலிக்குண்டு மாதிரி. அன்றும் நான் அளவை மட்டும் பார்த்து வாங்கியிருந்தேன்.

9.49. போஸ் கையிலிருந்த டேப்லெட்டில் 'ஓடு' என்ற பொத்தானைத் தொட்டார். ரோபோ இரண்டு மீட்டர் முன்னே போய் நிற்க வேண்டும். இடது பழம் சத்தமில்லாமல் நசுங்கியது. வலது காய் நசுங்கவில்லை. சக்கரம் அதன்மேல் ஏறி, மறுபக்கம் 'தொம்' என்று இறங்கியது. அந்த ஒரு குலுக்கலில், உள்ளே வலது மோட்டாரின் வெள்ளைக் கனெக்டர் கழன்றுகொண்டது. ஓடும்போது யார் இழுக்கப் போகிறார்கள் என்று கேட்டேனல்லவா? பதில், ஓர் எலுமிச்சங்காய்.

வலது சக்கரம் நின்றது. இடது சக்கரம் நிற்கவில்லை. எவ்வளவு தூரம் வந்தோம் என்பதை ரோபோ வலது சக்கரத்தின் சுற்றுகளை எண்ணித்தான் தெரிந்துகொள்ளும். அந்தச் சக்கரம் அசையாததால், இன்னும் இரண்டு மீட்டர் ஆகவில்லை என்று நம்பி, இடது சக்கரம் கடமை தவறாமல் ஓடிக்கொண்டிருந்தது. விளைவு, ரோபோ வலப்புறமாக, நின்ற இடத்தில் தன்னைத்தானே சுற்ற ஆரம்பித்தது. நிதானமாக, மாலையோடு, பலகைமேல் வைத்திருந்த தேங்காய் வாழைப்பழத் தட்டோடு.

சன்னதியில் ஆத்மபிரதட்சிணம் செய்பவர் சுற்றும் அதே திசை. கூட்டம் கைதட்டியது.

"சாந்தா, இத எப்ப செஞ்ச? சொல்லவே இல்ல" என்றார் போஸ், கண் கலங்க.

ஹாஜா பாய் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். "கணேசு, ஒன் மெஷினுக்கு பக்தி ஜாஸ்தி லா."

மூன்றாவது சுற்றில் தேங்காய் மூடி ஒன்று தட்டிலிருந்து பறந்து ஜிலேபிப் பெட்டியில் விழுந்தது.

"போஸ், டேப்லெட்டுல ஸ்டாப்ப அமுக்குங்க" என்றாள் சாந்தா.

"இரும்மா, பாய் வீடியோ எடுக்கறாரு."

சாந்தா என்னைப் பார்த்தாள். நான் ரோபோவைப் பார்த்தேன். கனெக்டர் கழன்றது எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும்; ஏன் என்பது எனக்கு மட்டும். சிவப்புப் பொத்தானை அமுக்க ஓடினேன். மஞ்சள் டேப்பைத் தாண்டிய முதல் ஆள் என்ற பெருமையும் எனக்கே. இரண்டாவது எட்டு, நசுங்கிய பழுத்த எலுமிச்சையின்மேல் விழுந்தது. கால் வழுக்கியது. ரோபோவின் பலகை சரியாக அந்த நேரம் என் பின்னால் வந்து சேர்ந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

எண்பத்திரண்டு கிலோ. 'நூறு கிலோ சுமக்கும்' என்று எங்கள் விளம்பரத் தாளில் போட்டிருந்தது அன்றுதான் முதன்முறையாக நிரூபணமானது. வாழைப்பழங்களுக்கு நடுவே சம்மணம் போட்ட மாதிரி அமர்ந்து, பூவுக்குள் கையை விட்டுப் பொத்தானைத் தேடிக்கொண்டே வலம் வந்தேன். மூன்று சுற்று என்று ரொம்ப நாள் சொல்லிவந்தேன், வீடியோவின்படி ஒன்றரைதான். மாலை எப்படி என் கழுத்துக்கு வந்தது என்பது மட்டும் வீடியோவை எத்தனை முறை பார்த்தும் விளங்கவில்லை. கடைசியில் பொத்தானை அமுக்கியது என் கை அல்ல, முழங்கை. ரோபோ நின்றது. கழுத்தில் மாலை, மடியில் வாழைப்பழம், கூட்டத்தைப் பார்த்தபடி நான். பின்வரிசையில் ஓர் அம்மா பழக்க தோஷத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மணி 9.52.

கைதட்டல் ஓய ஒரு நிமிஷம் ஆனது. எல்லோரும் இதை நிகழ்ச்சியில் ஓர் அங்கம் என்றே நினைத்தார்கள். போஸ்கூட, நான் விழுந்ததை மட்டும்தான் தவறாக எண்ணினார். "நம்ம பையன் கொஞ்சம் காமெடி" என்றார். ஹாஜா பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி கணேசு, திங்கக்கிழம மில்லுக்கு அனுப்பிடு" என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். சனி, ஞாயிறில் சாந்தா மறுபடி கட்டுப் போடுவாள். வேலை நிரந்தரமாகும். அப்பா எந்தக் கடையிலும் எதையும் திருத்த வேண்டியதில்லை. சாந்தா பரிசோதனைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அந்த மில்லில் பொட்டலம் கட்டும் அறைக்குப் போகும் வழியில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பதினோரு தும்மலுக்கு நடுவே அதையும் பார்த்திருந்தேன்.

"பாய்" என்றேன். "அது சாமி கும்பிடல. உள்ள வயரு கழண்டுருச்சி. லாக் இல்லாத கனெக்டர வாங்கிட்டேன். சாந்தா கட்டி வச்சிருந்தா, அதையும் நான் வெட்டிட்டேன்."

"வெட்டினியா? ஏன்?" இது சாந்தா.

"நல்ல நாளு... கட்டு இருந்தா தடங்கல்னு..."

"இப்ப தடங்கலே இல்லாம சுத்துச்சே, பாத்தியா."

போஸ் தரையில் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டார். ஹாஜா பாய் சிரிக்கவில்லை. ரோபோவை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, சாந்தா திறந்துவிட்ட மூடிக்குள் தொங்கிக்கொண்டிருந்த வெள்ளைக் கனெக்டரை விரலால் ஆட்டிப் பார்த்தார்.

"தம்பி, இது எங்க மில்லுல, மொளகா மூட்டையோட, பொம்பளப் புள்ளைங்க நடுவுல கழண்டிருந்தா?"

பாய் கீழே குனிந்து, சக்கரத்துக்குப் பின்னால் உருண்டு கிடந்த பச்சைக் காயை எடுத்தார். ஒரு கீறல்கூட இல்லை. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"நல்ல கனெக்டரு எப்ப வரும்?"

"ஆறு வாரம் பாய்."

"நாப்பது வருஷமா கையாலதான் தூக்குறோம். இன்னும் ஆறு வாரம் தூக்கிட்டுப் போறோம். கணேசு, பசிக்குது லா."

அந்தக் கடைசிச் சொற்களைக் கேட்ட பிறகுதான், கழுத்தில் இன்னும் கிடந்த மாலையைக் கழற்றி ரோபோவின் மேல் வைத்தேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு போஸ் என்னை அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். "நீ சொல்லாம இருந்திருந்தா, பின்னால தெரிஞ்சதும் தூக்கியிருப்பேன்" என்றார். குரலைத் தாழ்த்தினார். "கட்ட அவுக்கச் சொன்னது நானு. அத வெளிய சொல்லிடாத." (இத்தனை வருஷம் சொல்லவில்லை. போன மாதம் அவரே ஒரு விருந்தில் மைக்கில் சொல்லிவிட்டதால் இப்போது எழுதுகிறேன்.) அடுத்த மாதம் வேலை நிரந்தரம் என்று கடிதம் வந்தது. அப்பா அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு செலண்டார் முழுக்க நடந்தார்.

ஒழுங்கான கனெக்டர்கள் ஆறு வாரத்தில் வராமல் ஏழு வாரத்தில் வந்தன. சொருகியதும் 'க்ளிக்' என்றன. சாந்தா ஒவ்வொன்றையும் என்னை விட்டே சொருக வைத்தாள். பிறகு ஒரு பச்சை எலுமிச்சங்காயை வலது சக்கரத்துக்கு அடியில் வைத்து, ரோபோவை முப்பது தடவை ஏற்றி இறக்கினாள். எதுவும் கழறவில்லை. அதிலிருந்து பட்டறையை விட்டு வெளியே போகும் எந்த ரோபோவும் அந்தக் காயைத் தாண்டித்தான் போகிறது. பரிசோதனைத் தாளில் அதற்கு 'எல் டெஸ்ட்' (எல் என்றால் எலுமிச்சை) என்று பெயர். ஒருமுறை தரச் சான்று கொடுக்க வந்த அதிகாரி, இது எந்த நாட்டு முறை என்று கேட்டார். உள்ளூர் முறை என்றாள் சாந்தா. அவர் பக்தியோடு எழுதிக்கொண்டார். காய் வாங்கும் பொறுப்பு இன்றும் என்னுடையது. பழுத்தது வாங்கினால் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

ஹாஜா பாயின் ரோபோ இன்றும் மில்லில் ஓடுகிறது. அவர் எடுத்த வீடியோ அதைவிட நன்றாக ஓடுகிறது.

இரண்டு வருஷம் கழித்து எனக்குக் கல்யாணம். மேடையில் என் மனைவி எனக்கு மாலை போட்ட நொடியில், முதல் வரிசையிலிருந்து ஹாஜா பாயின் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது:

"தங்கச்சி, மாலைக்கு அடியில செவப்புப் பொத்தான் இருக்கும். இப்பவே தேடி வச்சிக்க."

சாந்தா குனிந்து சிரித்த சிரிப்பில் வீடியோக்காரர் கேமராவை என்னிடமிருந்து அவள் பக்கம் திருப்பிவிட்டார். என் மனைவிக்கு ஒன்றும் புரியவில்லை. பந்தியில் பாய் கைப்பேசியை நீட்ட, அவள் இலையில் கை வைக்காமல் அந்த வீடியோவை மூன்று முறை பார்த்தாள்.

இப்போது எங்கள் மகளுக்கு நாலு வயது. வீட்டில் நான் ஒரு விஷயத்தையே திரும்பத் திரும்பப் பேசிச் சுற்ற ஆரம்பித்தால், மனைவி அடுப்படியிலிருந்து எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. "பாப்பா, அப்பாவ அமுக்கு" என்கிறாள். மகள் ஓடி வந்து, தன் முழங்கையால் என் மூக்கை அமுக்குகிறாள்.

நானும் நின்றுவிடுகிறேன்.